பலாமரத்து ஸ்டாப்பில் ஒரு கட்டைப்பை

புதிதாக விசிலை வாயில் வைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, டிக்கெட் மெஷினை எப்படிப் பிடிப்பது, ஸ்டேஜை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் டிப்போவிலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். என்னைவிட நீங்கள் வேகமாகவே செய்வீர்கள். மெஷின் வந்த புதிதில் நான் பட்ட பாட்டைப் பார்த்துப் பயணிகளே பாவப்பட்டு எனக்குப் பட்டனைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் பேச வந்தது விசிலைப் பற்றி. இரண்டு தடவை ஊதினால் வண்டி கிளம்பிவிடும். இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இருக்காது. நானும் ஆயுசில் பாதியை ஊதியே கழித்தவன். அதில் ஒரே ஒரு விசிலை மட்டும் ஊதாமல் இருந்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

எனக்குச் சொந்த ஊர் சங்கராபுரம் பக்கம். ஆனால் வேலை கிடைத்தது சென்னையில், டவுன் பஸ்ஸில். தாம்பரத்துக்கும் பிராட்வேக்கும் நடுவே இருக்கிற ஒவ்வொரு சிக்னலும் என்னோடு பேசும். காலை எட்டு மணி வண்டியில் படிக்கட்டில் பத்துப் பேர், உள்ளே மூச்சுவிட இடம் இல்லாமல் எண்பது பேர். அதில் பாதிப் பேர் என் வண்டியோடு முடிக்கிறவர்கள் இல்லை. கிண்டியில் இறங்கி ஒன்று, சைதாப்பேட்டையில் மாறி இன்னொன்று என்று ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகிறவர்கள். ஒரு சிக்னலில் நான் மூன்று நிமிஷம் விட்டால் அவர்களுக்கு அடுத்த வண்டி போய்விடும். அலுவலகத்தில் விரல் வைக்கிற மெஷினுக்கு அந்தக் கதை புரியாது.

அதனால் நான் யாருக்காகவும் நிற்க மாட்டேன். ஓடி வருகிறவரைப் பார்த்தாலும் டபுள் விசில்தான். "பின்னாடியே வண்டி வருது" என்று ஒரு வார்த்தை. அது பொய்யும் இல்லை, நிஜமாகவே பின்னால் வண்டி வரும். தினமும் ஊரையே குறுக்கே கடந்து வேலைக்குப் போகிற ஒரு பெரியவர், "உங்க வண்டில ஏறினாதான் சார் நான் டைமுக்குப் போறேன்" என்று ஒரு தீபாவளிக்கு எனக்கு ஸ்வீட் பெட்டி கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நிற்காமல் போவதுதான் நல்ல கண்டக்டருக்கு அழகு என்று அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டேன். அந்த ஊருக்கு அது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

பிறகு ஓய்வுக்கு ஐந்து வருஷம் இருக்கும்போது ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைத்து கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். வந்ததும் மலை வண்டியில் போட்டார்கள். ராத்திரி மேலே வெள்ளிமலையில் தங்கி, விடியற்காலை அங்கிருந்து கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிற முதல் வண்டி. அதை விட்டால் அடுத்த வண்டி நாலு மணி நேரம் கழித்துத்தான்.

அந்த வண்டிக்கு ஒரு டிரைவர் இருந்தார். மலைப்பாதையில் பதினைந்து வருஷம் ஓட்டியவர். பேச்சு கம்மி. முதல் நாளே ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு பலாமரம், அதன் அடியில் மூன்று பைகள். ஆள் ஒருத்தரும் இல்லை.

"யாரையும் காணோமே, எதுக்கு நிக்கிறீங்க?" என்றேன்.

"பை கீதே கண்டக்டரே. பை இருந்தா ஆளு கீதுன்னு அர்த்தம். வூடு கீழ சரிவுல. ஹாரன் கேட்டா ஏறி வந்துடுவாங்க."

அப்படித்தான் ஏறி வந்தார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு, தலையைக் கூடச் சரியாக வாரிக்கொள்ளாமல். மலை ஊர்களில் வீடுகள் ரோட்டு ஓரத்தில் இல்லை. பனியிலும் குளிரிலும் ரோட்டில் வந்து நிற்பதற்குப் பதிலாக, பையைக் கொண்டு வந்து மரத்தடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மிச்ச வேலையைப் பார்ப்பார்கள். பையை ஒருவரும் தொட மாட்டார்கள். வண்டிக்காரனும் அதை விட்டுவிட்டுப் போக மாட்டான். எழுதி வைக்காத ஒப்பந்தம் அது.

எனக்கு அது பிடிக்கவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், எரிச்சலாக இருந்தது. "இது பஸ்ஸா, இவங்க வூட்டு வண்டியா?" என்று டிரைவரிடம் தினமும் முணுமுணுத்தேன். "கொஞ்ச நாள்ல இவங்கள லைனுக்குக் கொண்டாந்துடறேன் பாருங்க" என்றும் சொன்னேன். அவர் கியரை மாற்றினார்.

அந்தப் பலாமரத்து ஸ்டாப்பில்தான் அமுதா ஏறுவாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கள்ளக்குறிச்சியில் ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற ஒரு லேபில் வேலை. காலை முதல் வண்டியில் இறங்கி, சாயங்கால வண்டியில் ஏறுவாள். எட்டு மாதக் குழந்தையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வருகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து வருகிற பெண்கள் பேசிக்கொண்டதில் தெரிந்தது. நான் அந்த வண்டிக்கு வந்து மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து தயங்கி நின்றாள்.

"சார், நீங்க மெட்ராஸ்ல வண்டில இருந்தவங்களாமே. நுங்கம்பாக்கத்துக்கு எப்டிப் போறதுங்க?"

விசாரித்தால் விஷயம் பெரியது. அரசு ஆஸ்பத்திரி லேப் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறாள். மறுநாள் நுங்கம்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. நாலு மணிக்குள் போய்விட வேண்டும். முதல் நாளே போய்த் தங்கலாம் என்றால் குழந்தை இன்னும் தாய்ப்பால்தான். அதனால் காலையில் போய் ராத்திரியே திரும்பிவிட வேண்டும். சென்னைக்கு அதற்கு முன்னால் அவள் போனதே இல்லை.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூன்று வாரமாக என் பெருமை தெரியாத மலையில் ஒருத்தி வந்து என்னிடம் சென்னைக்கு வழி கேட்கிறாள்! ஒரு காகிதத்தை வாங்கி எழுதினேன். கள்ளக்குறிச்சியில் சென்னை வண்டி, தாம்பரத்தில் இறங்கு, எதிர்ப்பக்கம் போகாதே, இந்த நம்பர் வண்டி, கிண்டியில் இறங்கி மாறு, அங்கிருந்து இந்த நம்பர், ஸ்டாப் பெயர் இது, இறங்கி இடது கை. எந்த வண்டியில் கூட்டம் ஜாஸ்தி, எந்த வாசலில் ஏறினால் நல்லது என்பது வரை எழுதினேன்.

"பன்னண்டு, பன்னண்டரைக்கு தாம்பரம். ரெண்டு மணிக்கு ஆபீஸ் வாசல்ல நிப்ப. கவலையே படாத" என்றேன்.

"பெரிய உதவிங்க சார்" என்று காகிதத்தை மடித்து ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள். அந்த ஃபைலில்தான் அவள் படித்ததெல்லாம் இருந்தது.

தம்பிகளே, நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு தப்பு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மறுநாள் காலையைச் சொல்கிறேன்.

அன்றைக்கு டிரைவருக்கு வார ஓய்வு. அவருக்குப் பதில் வந்தவர் கீழே சமவெளியில் ஓட்டுகிறவர், மலைக்கு எப்போதாவது வருகிறவர். குளிரில் வண்டி லேசில் ஸ்டார்ட் ஆகவில்லை. கிளம்பும்போதே கால் மணி நேரம் தாமதம். முதல் நாள்தான் கள்ளக்குறிச்சியில் டைம் கீப்பர், "மலை வண்டின்னா உங்களுக்கு நேரங்காலமே கெடையாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார். நகரத்தில் பேர் வாங்கின எனக்கு அது சுருக்கென்று இருந்தது. பனி வேறு. விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை.

பலாமரம் வந்தது. ஸ்பேர் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். மரத்தடியில் ஒரே ஒரு கட்டைப்பை, மேலே ஒரு மடக்குக் குடை. ஆள் இல்லை.

டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். "பை கீது சார். ஆளக் காணோம். இன்னா பண்றது?"

பின் சீட்டிலிருந்து ஒருத்தர், "இருங்க சார், ஆளு வரும். ஒரு ஹாரன் அடிக்கச் சொல்லுங்க" என்றார்.

"யாருதுங்க அந்தப் பை?" என்று கேட்டேன். இருட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கு அமுதா ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. கண்ணால் தேடினேன். அவள் நிற்கவில்லை. அவ்வளவு முக்கியமான வேலைக்குப் போகிறவள் அரை மணி முன்னாலேயே வந்து நின்றிருக்க மாட்டாளா, நிற்கவில்லை என்றால் நேற்று ராத்திரியே யாரோடாவது பைக்கில் இறங்கிப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அது என் சென்னைப் புத்தி. அங்கே அவசரம் இருக்கிறவன் முன்னால் வந்து நிற்பான். இங்கே அவசரம் இருக்கிறவள் எல்லாருக்கும் முன்னால் பையைக் கொண்டு வந்து வைத்திருந்தாள். அந்தப் பைதான் அவள் என்று எனக்குப் படவில்லை.

"பைக்கெல்லாம் வண்டி நிக்க முடியாதுங்க. இன்னிக்கு ஒரு நாள் விட்டாத்தான் நாளைக்கு ஆளா வந்து நிப்பாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை ஊதினேன். பழைய வேகத்தில், நன்றாகவே ஊதினேன். ஹாரன்கூட அடிக்கவில்லை. பின் சீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். காக்கிச் சட்டையோடு வாதாட மலைக்காரர்களுக்குப் பழக்கம் இல்லை.

கள்ளக்குறிச்சிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். டைம் கீப்பரைப் பார்த்து நானே போய்ச் சிரித்தேன். இதைச் சொல்ல இப்போது கூசுகிறது.

நாலு நாள் கழித்து அமுதா வண்டியில் ஏறினாள். லேபுக்குப் போகிற அதே புடவை, அதே சாப்பாட்டுப் பை. "இன்னாம்மா, போன காரியம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று நானாகத்தான் கேட்டேன்.

"இல்லீங்க சார். நேரம் ஆயிடுச்சு."

"ஏன், வழி தப்பிட்டியா?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பைய வெச்சிட்டு, புள்ளைக்கு ஒருவாட்டி பால் குடுத்துட்டு வரலாம்னு போனேங்க. அன்னிக்கு முழுசும் அது பசியில கெடக்குமேன்னு. விசிலு கேட்டுது. ஓடியாந்தேன். வண்டி வளைவுல திரும்பிடுச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிச்சத்தை நானே கேட்டுக் கேட்டு வாங்கினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பால் வண்டி வந்தது. அதில் கச்சிராயபாளையம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி. தாம்பரத்தில் இறங்கும்போது மணி இரண்டரை. என் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நான் எழுதின நம்பர் வண்டிக்காக நின்று, அதில் ஏறி, கிண்டியில் இறங்கி, அடுத்த வண்டி மாறியிருக்கிறாள். அந்த நேரத்தில் கத்திப்பாராவில் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள், சைதாப்பேட்டைப் பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள் என்று எனக்கு நிமிஷக் கணக்கில் தெரியும். எத்தனை வருஷம் அதே இடத்தில் நின்றிருக்கிறேன்! அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சிக்னலாக என் கண் முன்னால் சிவப்பு விழுந்தது. அலுவலக வாசலுக்கு அவள் போனபோது மணி நாலே கால். பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டார்களாம்.

இப்போது அந்தத் தப்பைச் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது. சிக்னல் கிடையாது, மாற வேண்டியது கிடையாது. முக்கால் மணி நேரத்தில் கொண்டு போய் இறக்கிவிடும். இரண்டரைக்கு ஏறியிருந்தால்கூட மூன்றேகாலுக்கு இறங்கி நடந்து போயிருப்பாள். சென்னையில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் பஸ்காரன் வாயில் ரயில் வருமா? ரயிலைச் சொன்னால் என் நம்பர்களை எங்கே காட்டுவது? அவள் கேட்டது வழி. நான் எழுதிக் கொடுத்தது என் அனுபவத்தை.

ஆக, காலையில் ஒரு தடவையும் முதல் நாள் சாயங்காலமே ஒரு தடவையும், நானே இரண்டு தடவை அவளை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். "தப்பு என்னுதும்மா. மன்னிச்சுக்க" என்று சொன்னேன். நாற்பது பேர் இருக்கிற வண்டியில்தான் சொன்னேன்.

"பரவால்லீங்க சார். நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்களுக்கு நேரம் முக்கியம்" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படியே நம்பித்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பரீட்சை எப்போது வரும் என்று வருகிற செய்தித்தாளை எல்லாம் புரட்டினேன். வந்தபோது அவளுக்கு வயது வரம்பு தாண்டவில்லை, ஆனால் மறுபடி உட்கார்ந்து படிக்க அவளுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. நான் புத்தகம் வாங்கித் தருகிறேன் என்றதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள். லேப் வேலையிலேயே இருந்துவிட்டாள்.

நான் திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எந்த ஸ்டாப்பில் பையைப் பார்த்தாலும் நானே டிரைவரை ஹாரன் அடிக்கச் சொல்வேன். இறங்கிப் போய்ச் சரிவில் குரல் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் பலாமரத்து ஸ்டாப்பில் அதற்குத் தேவையே வரவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அங்கே பையே கிடையாது. எல்லாரும் ரோட்டுக்கு வந்து வரிசையாக நின்றார்கள். அமுதாவும் நின்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தப் பனியில் மரத்தடியிலேயே உட்கார்ந்து சேலைத் தலைப்புக்குள் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரர் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வண்டி விளக்கைப் பார்த்ததும் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறுவாள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. நடந்தது நடந்துவிட்டது, அதனால் ஊராவது நேரத்துக்கு வரப் பழகிக்கொண்டதே என்று. மனுஷன் தன்னைத் தேற்றிக்கொள்ள எதையெல்லாம் பிடித்துக்கொள்கிறான் பாருங்கள்.

ஒரு நாள் டிப்போ ஓய்வறையில் டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். என் ஓய்வு நாளில் அந்த வண்டிக்கு வருகிற கண்டக்டர் தம்பி பக்கத்தில் இருந்தான்.

"பலாமரத்துல பை கெடையாதா? இன்னாணா சொல்றீங்க? நான் போற அன்னிக்கெல்லாம் அஞ்சாறு பை கெடக்கும். ஹாரன் அடிச்சுத்தான் ஏத்திக்கினு வரேன்."

"அமுதான்னு ஒரு பொண்ணு, லேபுக்குப் போவுமே?"

"அதுவும் பை வெச்சிட்டுத்தான் போவும். புள்ளைக்குப் பால் குடுத்துட்டு மெதுவா வருமே."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். என் டூட்டி நாளில் மட்டும்தான் அந்த ஊர் ரோட்டில் வந்து நிற்கிறது. யாருக்கு என்றைக்கு டூட்டி என்று விசாரித்து வைத்துக்கொண்டு, என்னைத் தெரிந்து வைத்துக்கொண்டு நிற்கிறது.

மறுநாள் தூறல். விளக்கு வெளிச்சத்தில் எட்டுப் பத்துப் பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அமுதா குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் படியிலிருந்து கீழே இறங்கினேன்.

"இனிமே யாரும் இப்டி நனையாதீங்க. பைய வெச்சிட்டு வூட்டுக்குப் போங்க. நான் நிக்கறேன். எவ்ளோ நேரமானாலும் நிக்கறேன்" என்றேன். குரல் எனக்கே கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"சரிங்க சார்" என்றாள் அமுதா. எல்லாரும் "சரிங்க, சரிங்க" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்கள்.

அடுத்த நாளும் நின்றார்கள். அதற்கடுத்த நாளும் நின்றார்கள். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் நின்றார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, பால்குடி மறந்து, அப்பா தோளில் தூங்கிக்கொண்டு அம்மாவை வண்டி ஏற்ற வந்தது. ஒரு பையைக்கூட என்னை நம்பி அந்த மரத்தடியில் யாரும் வைக்கவில்லை.

கடைசி டூட்டி அன்று எனக்கு அந்த ஸ்டாப்பில் சால்வை போட்டார்கள். அமுதா ஒரு சீப்பு மலை வாழைப்பழம் கொடுத்தாள். அன்பில் ஒரு குறையும் இல்லை.

ஓய்வு பெற்று ஒரு வாரம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் என் மலை வண்டி டிரைவரைப் பார்த்தேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது இதென்று பேசிவிட்டு, கேட்காமல் இருக்க முடியாமல், "பலாமரத்துல எப்டி, நிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

அவர் துணியை உதறினார். என்னைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தார் போலிருக்கிறது. அந்த மனுஷனுக்குப் பொய் வராது.

"நீங்க ரிட்டயர்டான மறுநாளே பை வெச்சிட்டாங்க கண்டக்டரே" என்றார்.